ஒரு நாள்கூட லீவு போடாதவளுக்குப் பரிசு

ஏய்யா,

விழா முடிந்ததிலிருந்து நீ போன் பண்ணிக்கொண்டே இருக்கிறாய். நானும் எடுக்காமலே இருக்கிறேன். நேற்று உங்கப்பா எடுத்து, "அவளுக்குத் தொண்டை கட்டிக்கிருச்சுலே, பேச முடியல" என்று உன்னிடம் அளந்துவிட்டார். தொண்டையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் பேச்சு வரவில்லை. அங்கன்வாடியில் இத்தனை வருஷமாகச் சின்னப் பிள்ளைகளோடு கத்திக் கத்திப் பழகினவள் நான். வாயடைத்துப் போனது இதுதான் முதல் தடவை. அதனால் எழுதுகிறேன். எழுதினால் இன்னொரு வசதியும் இருக்கிறது, நீ குறுக்கே பேச முடியாது. "அம்மா, ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளு" என்று நீ ஆரம்பித்தால் அந்த ஒரு நிமிஷம் எப்போது முடியும் என்று நம் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நீ கேட்கிற கேள்வி ஒன்றுதான். நேற்று அப்பாவிடம் அதைத்தான் கேட்டிருக்கிறாய். "முதலாளி, அவுக வீட்டு ஆளுக, அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு இருக்கையில, பரிசைக் கையில குடுக்காம கீழ வச்சுட்டு அம்மா ஏன் இறங்கிப் போச்சு?" முதலாளி என்ன நினைத்திருப்பார் என்று உனக்குக் கவலை. மேனேஜராகச் சேர்ந்து இப்போதுதான் ஒரு சீசனை முழுசாகப் பார்த்திருக்கிறாய், அந்தக் கவலையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மேடையில் எனக்கு என்ன ஆனது என்று நீ இன்னும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

தீபாவளி முடிந்து கம்பெனி திறக்கிற பூஜையன்று, போன சீசனுக்கான பரிசைக் கொடுப்பது நீ புதிதாகக் கொண்டுவந்த பழக்கம். "மொத தடவ, நீதாம்மா வந்து குடுக்கணும்" என்று நீ வந்து கூப்பிட்டபோது எனக்கு இருந்த பெருமையை மறைக்கமாட்டேன். உன் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையைக் கட்டினேன். உங்கப்பா வழியில் பார்த்த ஆளிடமெல்லாம், "எம்மவன் பட்டாசுக் கம்பெனி மேனேஜரு. வெடிக்க வைக்கிறதும் அவன்தான், வெடிக்காமப் பாத்துக்கிறதும் அவன்தான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்த வேலை, என்னிடம் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேடியதுதான். எம். புதுப்பட்டியில் இருந்து உன் கம்பெனிக்கு வருகிற இளவட்டப் பெண்களில் பாதிப் பேருக்கு நான் சோறு ஊட்டியிருக்கிறேன். இப்போது அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஊட்டுகிறேன்.

நீ மைக்கைப் பிடித்து அறை போனஸைப் பற்றிப் பேசினாய். ஒரு அறையில் இத்தனை பேர்தான் உட்காரலாம் என்பது உயிருக்குப் பயந்து வைத்த விதி, பட்டாசு வேலை தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும். உன் கம்பெனியில் அறைக்கு நாலு பேர். அந்த நாலு பேரையும் நீ ஒரே கட்டாகக் கட்டிவிட்டாய். நாலு பேரும் சீசன் முழுக்க ஒரு நாள்கூட, அரை நாள்கூடத் தவறாமல் வந்தால் நாலு பேருக்கும் கூடுதல் போனஸ். ஒருத்தி எழுந்து போய்விட்டால் நாலு பேருக்கும் கிடையாது. "இந்தத் திட்டம் வந்ததுல இருந்து லீவுங்கிற பேச்சே இல்ல. சூப்பர்வைசர் யாரையும் விரட்ட வேண்டியதில்ல, அவுங்களே ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறாங்க" என்று நீ சொன்னதும் முதலாளி கை தட்டினார். நானும் தட்டினேன். அந்த நேரம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் மகன் இவ்வளவு கூட்டத்தில் தடுமாறாமல் பேசுகிறானே என்பதுதான் மனசில் நின்றது.

பிறகு முதல் பரிசு என்று பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டாய். சரவெடி பின்னுகிற அறையில் வேலை பார்க்கிறவள். அவள் மகள் யாழினி என் அங்கன்வாடிப் பிள்ளை. எவர்சில்வர் அண்டாவை என் கையில் கொடுத்தார்கள். அவள் மேடை ஏறி வந்து, என்னைப் பார்த்துச் சிரித்து, இரண்டு கையையும் நீட்டினாள். அப்போதுதான் நீ மைக்கில் அதைச் சொன்னாய். "பிள்ளைக்கு வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்காங்கன்னு தகவல் வந்த அன்னிக்குக்கூட இவங்க வேலைய விட்டுப் போகல. ஷிப்ட் முடியிற வரைக்கும் இருந்து முடிச்சுக் குடுத்துட்டுத்தான் போனாங்க. இதுக்குப் பேருதான் அர்ப்பணிப்பு." கூட்டம் கை தட்டியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மைக்கில் பேசுவது நீதானா என்று திரும்பிப் பார்த்தேன். நீதான். சிரித்துக்கொண்டு நின்றாய். அதற்கு மேல் என்னால் அண்டாவைப் பிடிக்க முடியவில்லை. கீழே வைத்தேன். அதற்குப் பிறகு எப்படி இறங்கினேன், எந்தப் பக்கமாக நடந்தேன் என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

அந்தத் தகவல் உனக்கு எங்கிருந்து வந்தது? நான்தானே சொன்னேன். நீ மறந்திருக்கலாம், கம்பெனியில் உனக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ போன். நான் மறக்கவில்லை.

அன்றைக்கு ஆடிக்காற்று புழுதியை வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. யாழினி காலையில் வரும்போதே அவள் வாயில் காய்ச்சல் மருந்தின் ஆரஞ்சு வாசனை. எங்கள் வேலையில் இருக்கிறவர்களுக்கு அந்த வாசனை ரொம்பப் பழக்கம். ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், விடிந்ததும் ஒரு மூடி மருந்தை ஊற்றி, நெற்றி குளிர்ந்ததும் முகம் கழுவி, பவுடர் அடித்து, ஒன்றும் தெரியாதவர்கள் போலக் கொண்டுவந்து விடுவார்கள். கம்பெனி பஸ் போன பிறகு, மத்தியானச் சோற்று நேரம் நெருங்கும்போது மருந்தின் வேகம் இறங்கிக் காய்ச்சல் ஏறும். நான் தாய்மாரைத் திட்டுவேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். அன்றைக்கும் அப்படித்தான். தட்டு முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை அப்படியே சாய்ந்தது. கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி இழுத்து, வாயெல்லாம் நுரை. எங்கள் ஆயா அலறிக்கொண்டு இரும்புச் சாவி தேடி ஓடினாள். நான் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தேன். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு போகும்போது மூச்சு வருகிறதா என்று என் கன்னத்தை அதன் மூக்கருகே வைத்து வைத்துப் பார்த்தேன்.

அதன் அப்பன் லோடு லாரியோடு வடக்கே போயிருந்தான். பாண்டிச்செல்வியின் போன் உன் கம்பெனி வாசலில் வாட்ச்மேனிடம். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது, அது சரியான விதி, அதை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். அதனால்தான் நேரே உனக்குப் போன் பண்ணினேன். நீயும் உடனே எடுத்தாய். "சரிம்மா, இப்பவே ஆள் அனுப்பிச் சொல்லிர்றேன்" என்றாய். சொன்ன மாதிரியே சொல்லியும் அனுப்பினாய். அவள்தான் வரவில்லை.

டாக்டர் பார்த்து, பிள்ளை கண் திறந்து, "அம்மா எங்க" என்று கேட்டது. இந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறினால் மறுபடியும் இப்படி வரலாம், காய்ச்சல் நேரத்தில் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். நான் பெஞ்சில் அதை மடியில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்த பிறகுதான் பாண்டிச்செல்வி ஓடிவந்தாள், முழங்கை வரைக்கும் பொடி, கழுவக்கூட இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், அத்தனை பேர் முன்னாலும், "சொல்லி அனுப்பியும் வராம இருந்துருக்கியே, நீயெல்லாம் ஒரு பெத்தவளாடி?" என்று கேட்டுவிட்டேன். அவள் பிள்ளையை வாங்கி, கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அன்றையிலிருந்து மேடையில் பார்த்த நாள் வரைக்கும் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்றே நினைத்திருந்தேன். தினமும் பிள்ளையை வாங்கும்போது முகம் கொடுத்துக்கூடப் பேசவில்லை. அவள் வர முடியாதபடி என் மகன் ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்?

விழாவுக்கு மறுநாள் சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அந்த ஒரு வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"டீச்சர், நான் என்ன தப்பு பண்ணுனேன்? அம்புட்டுக் கூட்டத்துல எங்கையில குடுக்காம கீழ வச்சுட்டுப் போயிட்டீக. எல்லாரும் என்னையப் பிடிச்சுக்கிட்டு, டீச்சருக்கு உம்மேல என்னடி கோவம்னு கேக்குறாக."

எனக்கு இன்னொரு அடி விழுந்தது. உன்னைப் பார்த்து அதிர்ந்துபோய் நான் இறங்கினேன், மானம் போனது அவளுக்கு. அந்த அண்டா வீட்டு நடுவில் இருந்தது, கடைக்காரன் ஒட்டிய ஸ்டிக்கர்கூடக் கிழிக்கவில்லை. யாழினி அதற்குள் உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "டீச்சர், ஏறுங்க, ரைட்டு போலாம்" என்றாள். நான் பாண்டிச்செல்வியின் கையைப் பிடித்து, கோபம் அவள் மேல் இல்லை என்று சொன்னேன். பிறகு, அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். இதை அன்றைக்கே ஆஸ்பத்திரியில் கேட்டிருக்க வேண்டும்.

"வரணும்னுதான் எந்திரிச்சேன் டீச்சர். ரூம்ல மத்த மூணு பேரும் போகாதன்னு ஒரு வார்த்த சொல்லல. அப்பிடியே கைய நிப்பாட்டிட்டு என்னையப் பாத்தாக, அம்புட்டுத்தான். பக்கத்துல இருக்கிற அக்கா அந்த போனச நம்பித்தான் மகளுக்குக் கல்யாணம் வச்சிருந்தாக. நான் எந்திரிச்சுப் போனா அந்தக் கல்யாணத்துல மண்ணள்ளிப் போட்ட மாதிரில்ல ஆகும்? டீச்சர் கூட இருக்காக, பிள்ளையப் பாத்துக்கிருவாகன்னு மறுபடி உக்காந்துட்டேன்."

என்னை நம்பி உட்கார்ந்திருக்கிறாள். அவளைத்தான் நான் பெற்றவளா என்று கேட்டேன்.

"உனக்கே உடம்புக்கு முடியலன்னா என்னடி செய்வ?" என்று கேட்டேன்.

"போவேன் டீச்சர். ஒரு நா காய்ச்சலோட போயி சரம் பின்னுனேன். கண்ணு சொருகிச் சொருகி வந்துச்சு. அக்காதான் தொடையில கிள்ளிக்கிட்டே இருந்தாக, தூங்கிறாதடி, தூங்கிறாதடின்னு. சாயங்காலம் பாத்தா தொடையெல்லாம் கன்னிப் போயிருந்துச்சு." இதைச் சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ஏதோ பள்ளிக்கூடத்தில் நடந்த வேடிக்கையைச் சொல்கிற மாதிரி சிரித்தாள். வெடியை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி காய்ச்சலில் கண் செருகுகிறாள், இன்னொருத்தி அவளைக் கிள்ளிக் கிள்ளி விழிக்க வைக்கிறாள். "ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிறாங்க" என்று நீ மைக்கில் பெருமைப்பட்டது இதைத்தானா? இந்தக் கம்பெனிப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எங்கள் தெருவில் அடுப்பில் இருக்கிறதைக்கூட இறக்காமல் ஓடுகிறோமே, அது உனக்குத் தெரியாதா? கேட்டில் தீப்பெட்டி இருக்கிறதா என்று சோதனை போடுகிறாயே, காய்ச்சல் இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? தூங்கி விழுகிற கை தீப்பெட்டியைவிட எந்த விதத்தில் குறைச்சல்?

நான் கிளம்பும்போது அவள் வாசல் வரைக்கும் வந்தாள். "உங்க மகன்கிட்ட இதச் சொல்லிறாதீக டீச்சர். மேனேஜரு நல்லவுக. எங்களுக்கு உக்காரப் பலகை, குடிக்கத் தண்ணி எல்லாம் அவுக வந்த பெறகுதான் ஒழுங்கா வருது. நான் பிராது சொன்னேன்னு ஆயிரக் கூடாது." நான் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். இப்போது சொல்லிவிட்டேன். அதற்காக அவள் என்னிடம் பேசாமல் போனாலும் பரவாயில்லை, ஆனால் அவள் மேல் நீ ஒரு வார்த்தை பேசினாய் என்று என் காதில் விழக்கூடாது.

அவள் உன்னை நல்லவன் என்கிறாள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. நீ கெட்டவனாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பேன். நீ பிள்ளையிலேயே அடுத்த பிள்ளைக்கு மிட்டாயைப் பிட்டுக் கொடுக்கிறவன். இந்தத் திட்டத்தை யோசித்தபோதும் யாரையும் கஷ்டப்படுத்த வேண்டும் என்று நீ நினைத்திருக்கமாட்டாய். மதுரையில் படித்தபோது, சேர்ந்து வேலை செய்கிறவர்களுக்குச் சேர்த்துப் பரிசு கொடுத்தால் வேலை நன்றாக நடக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் சொன்ன இடத்தில் ஏசி ஓடியிருக்கும், ஆளுக்கு வருஷத்தில் இத்தனை நாள் உடம்புக்கு முடியாத லீவு என்று முதலிலேயே இருந்திருக்கும். நீ அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து, லீவு என்பதே இல்லாத இடத்தில் வைத்துவிட்டாய்.

உனக்கு மஞ்சள் காமாலை வந்தது ஞாபகம் இருக்கிறதா? மூணாவது படித்துக்கொண்டிருந்தாய். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்து, வாயில் வைத்ததையெல்லாம் வாந்தி எடுத்தாய். எனக்கு அப்போது அங்கன்வாடியை விட்டு நகர முடியாத நிலைமை. உங்கப்பா அரசாங்க பஸ்ஸில் கண்டக்டர், மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு உன் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். உனக்குப் பத்தியக் கஞ்சி வைத்தது அவர், துணி மாற்றியது அவர். நீ சிணுங்கும்போதெல்லாம் விசிலை ஊதி, "விருதுநகர் எல்லாம் இறங்கு, சாத்தூர் எல்லாம் உக்காரு" என்று கட்டிலையே பஸ்ஸாக்கி உன்னைச் சிரிக்க வைத்தார். நீ எழுந்து நடக்கிற வரைக்கும் அவர் வேலைக்குப் போகவில்லை. மாசம் முடிந்ததும் சம்பளம் குறையாமல் வந்தது. எங்களுக்கு அது பெரிய விஷயமாகவே தெரியவில்லை, பால்காரர் வருகிற மாதிரி அதுவும் வந்தது. அந்தச் சம்பளம் வராது என்றிருந்தால் உங்கப்பாவும் உனக்கு ஒரு மூடி மருந்தை ஊற்றிவிட்டு டிப்போவுக்கு ஓடியிருப்பார். அவரும் அன்புள்ள மனுஷன்தான், ஓடியிருப்பார்.

நான் என்ன கேட்கிறேன் என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். அறைக்கு அறை கட்டிய அந்தக் கட்டை அவிழ்த்துவிடு. உடம்புக்கு முடியவில்லை என்றால், தனக்கோ தன் பிள்ளைக்கோ, ஒருத்தி வீட்டில் இருக்கலாம், அன்றைக்கும் அவளுக்குக் கூலி உண்டு என்று வை. பீஸ் ரேட்டு வேலைக்கு எப்படிம்மா லீவுச் சம்பளம் என்று நீ கேட்பாய். அவள் சாதாரணமாக ஒரு நாளைக்கு எவ்வளவு பின்னுவாளோ அந்தக் கூலியைக் கொடு. இந்தக் கணக்குப் போடத் தெரியாமலா உன்னை அவ்வளவு செலவழித்துப் படிக்க வைத்தோம்? இ.எஸ்.ஐ. இருக்கே என்பாய். அது அவள் படுத்தால். பிள்ளை படுத்தால் அம்மாவின் கூலியை அது கொடுக்காது. மற்ற கம்பெனிக்காரர் யாரும் கொடுக்கவில்லையே என்பாய். அறை போனஸும்தான் மற்றவர் யாரும் கொடுக்கவில்லை, அதை நீ முதல் ஆளாகக் கொண்டுவரவில்லையா? ஆர்டர் முடியாமல் கிடந்தால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது என்பாய். நீதானே மேனேஜர், அதை நீதான் சொல்ல வேண்டும். காய்ச்சலோடு ஒருத்தி வந்து, அறையில் நாலு பேருக்கும் ஒட்டி, நாலு பேர் வீட்டுப் பிள்ளைக்கும் ஒட்டி, அது என் அங்கன்வாடி முழுக்கப் பரவி, அந்தத் தாய்மாரும் படுத்து, ஒரு கம்பெனி பஸ்ஸே காலியாக வருவதை நான் வருஷா வருஷம் இங்கிருந்து பார்க்கிறேன். அந்த நஷ்டத்தை நீ எதில் எழுதுகிறாய்?

எல்லாரும் பொய் சொல்லி லீவு எடுப்பார்கள் என்று கடைசியாகச் சொல்வாய். சிலர் எடுப்பார்கள்தான். பரீட்சை வந்தால் உனக்கு வயிற்றுவலி வருமே, எங்களுக்குத் தெரியாதா என்ன? பேசாமல் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்துப் படுக்க வைத்தோம். நீ அப்படிப் பொய் சொல்கிற பிள்ளை என்பதற்காக, காமாலை வந்தபோது உன்னை நம்பாமல் விட்டோமா?

இதுவரைக்கும் எழுதி, மடித்து, கவரில் போட்டுவிட்டேன். தபாலில் அனுப்பலாம், நிதானமாகப் படிக்கட்டும் என்று நினைத்திருந்தேன். இப்போது அங்கன்வாடியில் உட்கார்ந்து கவரைப் பிரித்து மேற்கொண்டு எழுதுகிறேன். என் கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

இன்றைக்குக் காலையில் பாண்டிச்செல்வி யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளைக்குப் பவுடர் இல்லை, முகம்கூடக் கழுவவில்லை. தொட்டால் கை சுட்டது. கார்த்திகை மழை விட்டதிலிருந்து ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிற காய்ச்சல்தான், ஆனால் இந்தப் பிள்ளைக்கு அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வெளியில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

"உங்ககிட்டப் பொய் சொல்ல மனசு வரல டீச்சர். விடிஞ்சதுல இருந்து கொதிக்குது. மருந்து குடுத்தும் இறங்கல. சீசன் இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு, மொத வாரத்துலேயே நான் நின்னுட்டா வருசம் முழுசுக்கும் ரூமுக்கு போனஸ் போயிரும். அந்த மூணு பேரும் பஸ்ல உக்காந்து என்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்காக. வலிப்பு வந்தா எப்படிப் படுக்க வைக்கணும்னு உங்களுக்குத் தெரியும்ல?"

நான் போகாதே என்று சொன்னேன். அவள் பிள்ளையின் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சேலைத் தலைப்பை விடுவித்தாள். பிள்ளை அழவில்லை, அழக்கூடத் தெம்பு இல்லை. பஸ் ஜன்னலில் அந்த மூணு பேரையும் நான் பார்த்தேன். மூணு பேரும் என் கையால் சாப்பிட்டவர்கள்தான். அவர்கள் முகத்திலும் ரத்தம் இல்லை. ஒருத்தி இறங்கி வந்து, "போகாதடி, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிடுவாளோ என்று காத்திருந்தேன். யாரும் இறங்கவில்லை. அவர்களையும் என்னால் திட்ட முடியவில்லை. பஸ் போய்விட்டது.

நர்ஸ் வந்து பார்த்து மருந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். ஆட்டோக்காரரை வாசலிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். மற்ற பிள்ளைகளை ஆயா அந்தப் பக்கம் வைத்திருக்கிறாள். யாழினி என் பக்கத்தில் பாயில் கிடக்கிறாள், ஒரு கையால் ஈரத்துணி போட்டுக்கொண்டே இன்னொரு கையால் இதை எழுதுகிறேன். நடுநடுவே அவள் உடம்பு ஒரு தரம் தூக்கிப் போடுகிறது. ஒவ்வொரு தடவையும் பேனாவைப் போட்டுவிட்டு அவள் கண்ணைப் பார்க்கிறேன். உங்கப்பா வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே நிற்கிறார். இதை நேரே உன் கம்பெனி வாசலுக்குக் கொண்டுவந்து உன் கையிலேயே தரச் சொல்லியிருக்கிறேன்.

போன மாசம் உனக்குக் கண்வலி வந்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டிலேயே படுத்திருந்தாய். சம்பளத்தில் ஒன்றும் பிடிக்கமாட்டார்கள், மேனேஜருக்கு லீவு உண்டு என்று நீதான் என்னிடம் சொன்னாய். இன்றைக்கும் ஒரு நாள் லீவு போடு. உங்கப்பா வண்டியில் ஏறி வந்து, இந்தப் பிள்ளை பக்கத்தில் நீ உட்கார். அது முடியாது என்றால், இப்போதே அந்த அறைக்கு நடந்து போய், மற்ற மூணு பேருக்கும் காது கேட்கிற மாதிரி, யாருடைய போனஸும் போகாது, பாண்டிச்செல்வியின் கூலியும் போகாது என்று சொல்லி, அவளை அந்த வண்டியில் ஏற்றி அனுப்பு.

உங்கப்பா திரும்பி வரும்போது பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தனியாக மட்டும் அவரை அனுப்பிவிடாதே.

அம்மா